வெள்ளைக் கட்டம்

– அதுல மிதக்கிறது பூச்சி இல்ல மாப்பிள்ளை, தேயிலை. பயப்படாம குடிங்க. உங்க தொழிலுக்கு எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தோணும்.

– நான் டீ குடிக்க வரல மாமா.

– வராதவர் வந்திருக்கீங்க. ஒரு டீ கூடக் குடுக்கலைன்னா நாளைக்கு உங்க வீட்டுல பேச்சாகும். துணியில வடிகட்டினது, அதான் இறங்கிடுச்சு. உங்க பெண்டாட்டி இங்க வந்து ஒரு வாரமாச்சு. கடைக்குப் போனா ஒரு டீ வடிகட்டி வாங்கிட்டு வாம்மான்னு தினமும் சொல்றேன், தினமும் மறந்துடுறா. எங்க பக்கத்துல யாருக்கும் மறதி கிடையாது. கல்யாணத்துக்கு அப்புறம் ஒட்டிக்கிட்டது.

– காலையில அவதான் போன் பண்ணினா. ஒரு ஆடு வாயில நுரை தள்ளுது, உதடு வீங்கியிருக்கு, நடக்க முடியாம நொண்டுதுன்னு சொன்னா. அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

– அடேயப்பா! முப்பத்திமூணு வருஷம் கால்நடை டாக்டரா இருந்து, அதுல கடைசி ஆறு வருஷம் தலைமை டாக்டரா இருந்து ஓய்வு வாங்கினவன் நான். என் வீட்டு ஆட்டைப் பார்க்க கொசு எண்ணுற ஆபீசர் வந்திருக்கார். ரொம்ப சந்தோஷம். ஸ்டெதஸ்கோப் எடுத்துட்டு வரட்டுமா, இல்ல நீங்க வலை வீசித்தான் பார்ப்பீங்களா?

– கொசு இல்ல மாமா. டெக்னிக்கலா பார்த்தா அது கொசு இனமே கிடையாது. எள்ளுல பாதிதான் இருக்கும்.

– டெக்னிக்கலா பார்த்தா நானும் மனுஷ இனமே கிடையாதுன்னு உங்க ஆபீஸ்ல எழுதி வச்சிருப்பீங்க. போகட்டும். அந்த ஆட்டுக்கு முள்ளு குத்தியிருக்கு. வாயில புண்ணு. மருந்து தடவிட்டேன்.

– முள்ளு குத்தினா கால் ஏன் மாமா நொண்டும்? அதாவது, எனக்கு என்ன தோணுதுன்னா…

– வாயில போட்டு மெல்லாதீங்க. நீலநாக்கு நோய்னு சொல்ல வர்றீங்க. துப்பிடுங்க.

– நீலநாக்குதான்னு நினைக்கிறேன்.

– நினைங்க. நல்லா நினைங்க, அதுக்குத்தான் சம்பளம். ஆனா ஒரு சின்னச் சந்தேகம். அந்த நோய் எப்படி வரும்? இந்த மரமண்டைக்குக் கொஞ்சம் விளக்குங்களேன்.

– உங்களுக்குத் தெரியாததா மாமா? அந்தப் பொடிப்பூச்சி சீக்கு ஆட்டைக் கடிச்சிட்டு வந்து நல்ல ஆட்டைக் கடிக்கணும். ஆட்டுக்கு ஆடு தானா ஒட்டாது.

– ஆக, பூச்சி வேணும். அந்தப் பூச்சி என் பண்ணையில இருக்கா? கேட்டைத் தாண்டித்தானே உள்ள வந்தீங்க? கேட்டுல என்ன தொங்குதுன்னு பார்த்தீங்களா?

– என் மேப்.

– உங்க மேப்! பிளாஸ்டிக் உறை போட்டு, நாலு மூலையிலயும் ஆணி அடிச்சு மாட்டி வச்சிருக்கேன். முப்பத்தாறு கட்டம். தூரத்துல இருந்து பார்த்தா கட்டம் போட்ட துண்டு மாதிரி இருக்கு. எங்க பார்த்தாலும் கறுப்பு, கருஞ்சாம்பல், சாம்பல். எல்லாம் பூச்சி மண்டின இடம். நடுவுல ஒரே ஒரு கட்டம் பால் மாதிரி வெள்ளை. அது யார் கட்டம்?

– உங்க கட்டம்.

– வெள்ளைன்னு முடிவு பண்ணினது யாரு?

– நான்தான் மாமா.

– கல்யாணமாகி ஒன்பது வருஷத்துல நீங்க உருப்படியாப் பண்ணின ஒரே காரியம் அது. அதையும் இன்னைக்கு வந்து கெடுத்துடாதீங்க. எழுந்திருங்க, கொட்டகைக்குப் போவோம். ஆட்டைப் பார்க்காம நீங்க கிளம்ப மாட்டீங்க. குனிஞ்சு வாங்க, உத்தரம் தாழ்வு. படிச்ச தலை இடிபட்டா நாட்டுக்குத்தான் நஷ்டம்.

– தரை எல்லாம் பளபளன்னு இருக்கே.

– தினமும் ரெண்டு வேளை கழுவுறேன். ஆள் வைக்கல, நானே, இந்தக் கையால. இங்க உட்கார்ந்து சாப்பிடலாம். எதிர்க்கரையில ஒருத்தர் இருக்காரே, அவருக்குச் சாணிமலைன்னு பேர் வச்சிருக்கேன். அவர் கொட்டகைக்குள்ள போகணும்னா ஓடம் வேணும். உங்க மேப்ல அவர் கட்டம் அட்டைக்கரி. அதைப் பார்த்த அன்னைக்கு ஒரு டீ கூடுதலா குடிச்சேன்.

– அவர் கட்டத்துல வாரத்துக்கு நாலாயிரம் பூச்சி விழுந்தது மாமா. அவருக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரு வாய்க்கால்தான். காத்து அடிச்சா அந்தப் பூச்சி மைல் கணக்குல போகும். அங்க நாலாயிரம், இங்க ஒண்ணு கூட இல்ல. அது எப்படி?

– என்னைக் கேட்கிறீங்க! பேப்பர் திருத்தினதும் நீங்க, நூத்துக்கு நூறு போட்டதும் நீங்க. இப்ப வந்து, எப்படிடா வாங்கினேன்னு என் காதைத் திருகுறீங்க. சுத்தம் மாப்பிள்ளை. சுத்தமா இருந்தா பூச்சி வராது. இது புரிய மைக்ராஸ்கோப் வேணாம், மூக்கு இருந்தாப் போதும்.

– கழுவுற தண்ணி எங்க போகுது?

– பின்னால.

– பின்னாலன்னா?

– சுவத்துக்கு அந்தப் பக்கம். அங்கல்லாம் நான் போறதில்ல.

– இந்த ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க. சாணியும் மூத்திரமும் தண்ணியும் கலந்து எவ்வளவு பெரிய சேறு! ரெண்டு வேளையும் தவறாம நனைச்சிருக்கீங்க. டெக்னிக்கலா பார்த்தா அந்தப் பூச்சிக்கு இதைவிட வசதியான பிரசவ ஆஸ்பத்திரி கிடையாது. எதிர்க்கரைக்காரர் சாணியாவது பாதி காஞ்சு கிடக்குது.

– ரொம்ப சந்தோஷம். அப்படி பிரசவம் நடந்திருந்தா, பிறந்த பிள்ளை எல்லாம் உங்க பொறியில விழுந்திருக்கணுமே? அதோ, அந்தக் கொக்கியிலதான் மாட்டினேன். கருநீல விளக்கு, அடியில ஒரு காத்தாடி, அதுக்கும் அடியில சோப்புத் தண்ணி டப்பா. சாயந்திரம் போட்டு விடியக்காலை நிறுத்தணும்னு நீங்க சொன்னீங்க. நிமிஷம் தப்பாம செஞ்சேன். பதினாறு வாரம், பதினாறு புட்டி. செய்தித்தாள்ல சுத்தி, நூல் கட்டி, மேல தேதி எழுதி, பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்து உங்க வீட்டு வாசல்லயே இறக்கச் சொன்னேன். எல்லாம் வந்ததா இல்லையா?

– வந்தது.

– திறந்து பார்த்தீங்களா?

– என்ன மாமா கேள்வி இது! கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தேன். நீங்க போட்ட முடிச்சை அவிழ்க்கவே ஒவ்வொரு புட்டிக்கும் அரை மணி நேரம் போச்சு.

– அவிழ்த்தீங்களா? அது அவிழ்க்கிற முடிச்சு இல்ல மாப்பிள்ளை. வயித்தைக் கிழிச்சுத் தைக்கிறப்ப போடுற முடிச்சு, கை தானா அதைத்தான் போடும். கத்திரியால ஒரு வெட்டு வெட்டினா முடிஞ்சது. பதினாறு வாரமா நகத்தால நோண்டிக்கிட்டு இருந்தீங்களா? என் பொண்ணு என்கிட்ட நிறைய மறைச்சிருக்கா.

– அப்பா! ஏங்க! ரெண்டு பேரும் இங்கயா நிக்கிறீங்க? கொல்லைப் பக்கம் கலெக்டர் எந்திரிக்கவே மாட்டேங்குது.

– என்னம்மா சொல்ற? கலெக்டரா? கிடாவா?

– கிடாதான் அப்பா. தீனி வச்சது வச்சபடி இருக்கு. வாயில இருந்து எச்சில் கயிறு மாதிரி தொங்குது. மூக்கெல்லாம் ஒழுகிக் காஞ்சு போயிருக்கு. நான் கிட்டப் போனா முட்ட வருமே, இன்னைக்கு என் கையிலயே தலையைச் சாய்ச்சுடுச்சு.

– நான் பார்க்கிறேன். நீங்களும் வாங்க மாப்பிள்ளை. டேய், கலெக்டர். என்னடா? யார் வந்தாலும் எந்திரிக்க மாட்ட, நான் வந்தாலுமா? வாயைத் திற. திறடா ராஜா. சரி, சரி, அமுக்க மாட்டேன்.

– நாக்கைப் பாருங்க மாமா.

– பார்க்கிறேன்.

– என்ன நிறம்?

– எனக்குக் கண்ணு இருக்கு.

– குளம்புக்கு மேல, அந்தச் சிவப்புக் கோட்டையும் பாருங்க. ரெண்டு முன்னங்காலுலயும் இருக்கு. இதுவும் முள்ளுதானா?

– போதும் மாப்பிள்ளை. முப்பத்திமூணு வருஷத்துல எத்தனை நாக்கு பார்த்திருப்பேன். நேத்து அந்தப் பெட்டை ஆட்டு வாயைத் திறந்தப்பவே மனசு சொல்லிச்சு. கேட்டுல தொங்குற மேப்பைப் போய்ப் பார்த்துட்டு வந்தேன். வெள்ளையா இருந்தது. அப்ப முள்ளுதான்னு சொல்லிக்கிட்டேன்.

– அப்பா, அந்தத் தடுப்பூசி வண்டிக்காரருக்கு இப்பதான் போன் பண்ணினேன். பன்னெண்டு மணி வரைக்கும் எதிர்க்கரையிலதான் நிப்பாராம். கையில இன்னும் இருநூறு ஊசி மிச்சம் இருக்காம். ஆனா வெள்ளைக் கட்டத்துக்குப் போடக் கூடாதுன்னு உத்தரவாம். ஏங்க, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போட மாட்டாரா?

– வார்த்தையால நடக்காது. அது அரசாங்க மேப். திருத்தணும்னா காகிதம் வேணும். நீ உள்ள போய் ரெண்டு டீ போடு, நாங்க பேசிக்கிறோம்.

– இப்பத்தானே குடிச்சீங்க?

– போடு.

– சரி. மணி பத்தரை ஆயிடுச்சு, அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க ரெண்டு பேரும்.

– மாமா, மொத்தம் எத்தனை ஆடு?

– நூத்திப்பத்து. இதுவும் அந்தப் பெட்டையும் போனா நூத்தி எட்டு.

– ரெண்டு வாரம் முன்னால எதிர்க்கரைக்காரர் உங்க கேட்டுக்கே வந்து நின்னாராமே. டாக்டர், உங்க ஆட்டுக்கும் சேர்த்து ஊசி கேட்டு எழுதட்டுமான்னு கேட்டாராமே. என்ன சொல்லி அனுப்பினீங்க?

– அதை எதுக்கு இப்ப?

– சொல்லுங்க மாமா. ஊரே சொல்லிச் சிரிக்குது, உங்க வாயால ஒரு தடவை கேட்டுக்கிறேன்.

– மேப்பைக் காட்டினேன். ஊசி அழுக்குக்காரனுக்கு, எனக்கு எதுக்குன்னு சொன்னேன். போதுமா? இன்னைக்குப் போட்டாக்கூட இந்த நூத்தி எட்டுல பெரும்பாலும் பிழைச்சுக்கும். என்ன காகிதமோ குடுங்க மாப்பிள்ளை.

– அதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு தெரியணும். உங்க புட்டியில அந்தப் பூச்சி ஏன் இல்லைன்னு காகிதத்துல காரணம் எழுதணும். விடியக்காலை பொறியை நிறுத்தினதும் என்ன பண்ணுவீங்க? ஒவ்வொண்ணா சொல்லுங்க.

– டப்பாவைக் கழட்டுவேன். உள்ள இருக்கிறதைச் சுத்தம் பண்ணி, புட்டியில போட்டு, ஸ்பிரிட் ஊத்தி மூடுவேன்.

– சுத்தம் பண்ணின்னா?

– சுத்தம் பண்ணின்னா சுத்தம் பண்ணித்தான். அந்தத் தண்ணியில என்னென்ன கிடக்கும்! நல்ல நல்ல அந்துப்பூச்சி கிடக்கும், வண்டு கிடக்கும், இவ்வளவு பெரிய தட்டான் கூட ஒரு தடவை கிடந்தது. அதுக்கு நடுவுல சாம்பல் மாதிரி ஒரு அழுக்கு, பொடிப்பொடியா. மாப்பிள்ளைக்கு அனுப்புற பொருளை அழுக்கோடவா அனுப்புவாங்க? நம்ம வீட்டு மரியாதை என்ன ஆகுறது? டீ வடிகட்டியில ஊத்தி அலசினேன். அழுக்கெல்லாம் கீழ போயிடுச்சு. பூச்சியை மட்டும் எடுத்து, இறக்கை ஒடியாம அடுக்கி வச்சு…

– மாமா.

– என்ன?

– அந்த அழுக்குதான் மாமா பூச்சி.

– எது?

– சாம்பல் மாதிரி, பொடிப்பொடியா இருந்ததுன்னு சொன்னீங்களே. அதுதான். அதுக்குத்தான் அந்த விளக்கு, அந்தக் காத்தாடி, அந்த டப்பா எல்லாம். அந்துப்பூச்சி எனக்கு எதுக்கு? நான் என்ன பொம்மைக் கடையா வச்சிருக்கேன்? எள்ளுல பாதின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?

– சொன்னீங்க. நான்தான் சரியா காதுல வாங்கல. ஆனா மாப்பிள்ளை, ஒரு நிமிஷம், அந்த முதல் வாரம்…

– இருங்க மாமா! ஒன்பது வருஷமா நீங்கதான் பேசினீங்க, நான் கேட்டேன். இன்னைக்கு நான் பேசறேன், நீங்க கேளுங்க. பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு உங்க தம்பிகிட்ட என்ன சொன்னீங்க? கொசு பிடிக்கிறவனுக்குப் பொண்ணு குடுக்கிற அளவுக்கு நாம இறங்கிட்டோமான்னு கேட்டீங்க. கதவு திறந்துதான் இருந்தது. சோத்துத் தட்டு முன்னால உட்கார்ந்திருந்தேன், காதுல விழுந்தது.

– அது அன்னைக்கு ஏதோ…

– எந்த விசேஷத்துக்கு வந்தாலும் அதே பேச்சு. என்ன மாப்பிள்ளை, இன்னைக்கு எத்தனை விழுந்தது? இறக்கையில புள்ளி எண்ணி முடிச்சாச்சா? உங்க சொந்தக்காரங்க அத்தனை பேரும் சிரிப்பாங்க. நானும் சேர்ந்து சிரிப்பேன். முதல் புட்டியைத் திறந்தப்ப எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? உள்ள ஒரு பச்சை அந்துப்பூச்சி, நகைக் கடையில வச்ச மாதிரி. கூட ரெண்டு வண்டு. இதுலயும் என்னை நக்கல் பண்றார் மனுஷன்னு தோணிச்சு.

– நக்கலா? இறக்கை ஒடியாம எடுக்கறதுக்கு ஒரு மணி நேரம் பிடிச்சது மாப்பிள்ளை. எனக்குக் கை நடுங்கும்.

– பெரிய டாக்டர்! கண்ணு முன்னால ஆயிரக்கணக்குல பூச்சி. ஒரு லென்ஸ் வச்சுப் பார்த்திருந்தா முடிஞ்சது. பார்க்கலையே! பொடியா இருந்தா அழுக்கு. பொடி மனுஷனா இருந்தாலும் அழுக்கு. உங்களுக்கு எல்லாமே பெருசா, பளபளன்னு, பதவியோட இருக்கணும்.

– சரி மாப்பிள்ளை. தப்புதான். ஆனா ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க. முதல் புட்டியில வெறும் வண்டும் அந்துப்பூச்சியும் வந்தா, பூச்சியே இல்லைன்னு முடிவு கட்டிடலாமா? உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலையா?

– அனுப்பினது யாரு? தலைமை டாக்டரா இருந்தவர். அவர் அனுப்பினதுல தப்பு இருக்காதுன்னு நம்பினேன். நம்பினது என் குத்தமா?

– இல்ல. நம்பினது குத்தம் இல்ல.

– இந்தாங்க காகிதம். திருத்தச் சான்று. பேர், கட்டத்தோட நம்பர் எல்லாம் நான் எழுதிட்டேன். காரணம்னு ஒரு இடம் இருக்கு பாருங்க. அங்க உங்க கையால எழுதுங்க. நான் சொல்றேன்.

– நீங்களே எழுதிக்கங்களேன். நான் கீழ கையெழுத்துப் போட்டுடுறேன்.

– உங்க கையெழுத்துலதான் இருக்கணும். நாளைக்குக் காலையில ஆபீஸ்ல எல்லார் முன்னாலயும் படிப்பாங்க.

– எங்க வச்சு? பெரிய ஹால்லயா?

– ஆமா.

– அங்க என் போட்டோ மாட்டியிருக்காங்க.

– தெரியும். நான் தினமும் அதுக்குக் கீழதான் உட்காருறேன். எழுதுங்க. மணி பதினொண்ணு.

– கலெக்டர் மூச்சு வாங்குது பாருங்க. சரி, சொல்லுங்க.

– பொறியில் விழுந்த பூச்சிகளை, அறியாமையால்…

– அறியாமையாலன்னு போடணுமா? கவனக் குறைவால்னு போட்டா?

– கவனக் குறைவு அதிகாரிக்கு. உங்களுக்கு அறியாமை.

– அறியாமையால். உம்.

– அழுக்கு என்று கருதி, தேநீர் வடிகட்டியால் வடிகட்டி, பதினாறு வாரமும் கீழே கொட்டிவிட்டேன்.

– பதினாறு வாரமும்னே எழுதணுமா? அது அப்படி இல்லையே மாப்பிள்ளை. அதைத்தான் அப்பவே சொல்ல வந்தேன், முதல் வாரம் நான்…

– முதல் வாரமும் வேணாம், கடைசி வாரமும் வேணாம். ஒரு வாரம் வடிகட்டினேன், ஒரு வாரம் வடிகட்டலைன்னு நீங்க கதை எழுதினா, அந்த வண்டிக்காரன் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பன்னெண்டு அடிச்சிடும். நூத்தி எட்டு ஆடு வேணுமா, நீங்க சொல்றதுதான் சரிங்கற பேர் வேணுமா?

– ஆடுதான் வேணும்.

– அப்ப எழுதுங்க. பதினாறு வாரமும்.

– பதினாறு வாரமும். கீழே கொட்டிவிட்டேன்.

– இதில் கணக்கெடுப்பு அதிகாரியின் தவறு எதுவும் இல்லை.

– அதுவும் என் கையாலயா?

– அதுதான் முக்கியம்.

– எதுவும் இல்லை. கையெழுத்தும் போட்டாச்சு. பேருக்குப் பின்னால தலைமை டாக்டர், ஓய்வுன்னு போடலாமா?

– வேணாம். ஆடு வளர்ப்பவர்னு போடுங்க, போதும்.

– ரொம்ப சந்தோஷம். இந்தாங்க. இப்ப வயிறு நிறைஞ்சதா மாப்பிள்ளை?

– டெக்னிக்கலா பார்த்தா, ஒன்பது வருஷத்துல இன்னைக்குத்தான்.

– டீ கொண்டாந்திருக்கேன். ஊதிக் குடிங்க, துணியில வடிச்சது, தேயிலை இருக்கும். ஏங்க, காகிதம் ஆச்சா? கொடுங்க, நானே போட்டோ எடுத்து வண்டிக்காரருக்கு அனுப்புறேன். இது என்ன அப்பா, உங்க கையெழுத்தா இருக்கு? பதினாறு வாரமும் தேநீர் வடிகட்டியாலயா? எந்த வடிகட்டி?

– நம்ம வடிகட்டிதான்மா. முதல்ல அனுப்பிடு, அப்புறம் படிக்கலாம். மணி ஆகுது.

– அனுப்பிட்டேன், போயிடுச்சு. ஆனா அப்பா, அந்த வடிகட்டி முதல் வாரமே அடி கிழிஞ்சு போச்சே! வண்டோட கொம்பு மாட்டி இழுத்ததுல பிஞ்சிடுச்சு, புதுசு வாங்கிட்டு வான்னு அன்னைக்கே எனக்குப் போன் பண்ணினீங்களே. நாலு மாசமா அதைத்தானே நான் மறந்துக்கிட்டே இருக்கேன்?

– ஆமாம்மா. அதைச் சொல்லத்தான் ரெண்டு தடவை வாயைத் திறந்தேன், மாப்பிள்ளை விடல. ரெண்டாவது வாரத்துல இருந்து வடிகட்டி ஏது? அழுக்கும் பூச்சியுமா அப்படியேதான் புட்டியில கொட்டினேன். எனக்கே கூச்சமா இருந்தது. அதனாலதான் ஒவ்வொரு புட்டியோடயும் ஒரு சீட்டு எழுதி, செய்தித்தாளுக்குள்ள வச்சுக் கட்டினேன். வடிகட்டி இல்லை, அழுக்கோடு அனுப்புகிறேன், மாப்பிள்ளை மன்னிக்கணும்னு. ஒரு தடவை கூட அதைப் பத்தி நீங்க பேசலையே மாப்பிள்ளை? பெரிய மனசு பண்ணி விட்டுட்டீங்கன்னு நினைச்சேன்.

– மணி ஆச்சு, நான் கிளம்பறேன். வண்டிக்காரரை நேர்ல பார்த்துக் கூட்டிட்டு வந்துடுறேன்.

– இருங்க மாப்பிள்ளை. அழுக்குதான் பூச்சின்னா, பதினஞ்சு புட்டியில பூச்சி இருந்திருக்கணுமே? கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தீங்களே. அந்தச் சீட்டு ஒண்ணு கூடவா கண்ணுல படல?

– சீட்டு எப்படி அப்பா படும்? முதல் புட்டியைத் தவிர மத்த பதினஞ்சும், நீங்க போட்ட முடிச்சுல கத்திரி கூடப் படாம, செய்தித்தாள் சுத்தினது சுத்தினபடி எங்க வீட்டுப் பரண்லதானே வரிசையா நிக்குது.